போனஸ் தர மறுத்த அதிகாரி மேல் நான் கொடுத்த புகாரை நானே மறுக்கும் மனு

அனுப்புநர்:
சு. சுடலைமணி,
ஓய்வுபெற்ற தேயிலைத் தொழிற்சாலைத் தொழிலாளி,
வார்டு 6, வீட்டு எண் 214,
பாம்பனார் அருகில், பீர்மேடு தாலுகா,
இடுக்கி மாவட்டம்.

பெறுநர்:
மேல்முறையீட்டு அதிகாரி அவர்கள்,
ஏலமலை வங்கி, தலைமை அலுவலகம்,
கட்டப்பனை.

பொருள்: தங்கள் பீர்மேடு கிளையில் உதவி மேலாளராக இருந்த திருமதி யோகப்பிரியா அவர்கள் மீது நான் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுதல், அதன் பேரில் அவருக்குக் கொடுக்கப்பட்ட தண்டனையை நீக்கக் கோருதல்.

பார்வை: 1. எனது 28.8.2024 தேதியிட்ட புகார் மனு.
2. தங்கள் அலுவலகத்தின் 27.10.2025 தேதியிட்ட அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மனு என்று எழுதினால் யார் மேலாவது குறை சொல்ல வேண்டும். இந்த மனுவில் குறை முழுவதும் மனுதாரர் மேல்தான். அதற்காகத் தாங்கள் இதைப் பாதியில் மடித்து வைத்துவிட வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

1. நான் கருங்கல்மேடு எஸ்டேட் தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்தவன். இலை வாட்டும் பகுதியில் சேர்ந்தேன். கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகள் உலர்த்தும் அடுப்பின் முன் நின்றேன். 31.5.2024 அன்று ஓய்வு பெற்றேன். இது சம்பளம் வாங்கிய வேலை. சம்பளம் வாங்காமல் பார்த்த வேலை ஒன்று உண்டு, அது மனு எழுதுவது. தண்ணீர்க் குழாய், ஒழுகும் கூரை, வளைவில் இறக்கிவிட்டுப் போகும் பேருந்து, மருந்து இல்லாத மருந்தகம் என்று எஸ்டேட்டில் எங்கள் டிவிஷனுக்காக இதுவரை நாற்பத்தாறு மனுக்கள் எழுதியிருக்கிறேன். நகல்கள் அனைத்தும் தகரப் பெட்டியில் இருக்கின்றன. பதில் வந்தவை மூன்று. நடவடிக்கை எடுக்கப்பட்டது ஒன்றுகூட இல்லை என்றுதான் போன மாதம் வரை நினைத்திருந்தேன்.

2. போன மாதக் கடைசியில் தங்கள் அறிவிப்பு, எஸ்டேட் கொடுத்திருந்த எங்கள் பழைய லைன் வீட்டு முகவரிக்கு வந்திருக்கிறது. பக்கத்து வீட்டில் இருந்த என் நண்பர் நல்லதம்பி அதை ஜீப் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். யோகப்பிரியா அவர்களுக்கு ஓர் ஆண்டு ஊதிய உயர்வு நிறுத்தப்பட்டது, அவர் வயநாட்டுப் பக்கம் ஒரு கிளைக்கு மாற்றப்பட்டார், அவரது மேல்முறையீடு 20.11.2025 அன்று விசாரணைக்கு வருகிறது, புகார்தாரர் மேற்கொண்டு ஏதும் சொல்ல விரும்பினால் எழுதலாம் என்று அதில் இருந்தது. நடவடிக்கைக்குக் காரணம் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. நாற்பத்தாறு மனுக்களில் பலித்தது ஒன்றே ஒன்று, அதுவும் பொய்யான ஒன்று.

3. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். 20.6.2024 அன்று என் வருங்கால வைப்பு நிதியும் கிராஜுவிட்டியும் சேர்ந்து ஏழு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் தங்கள் கிளையில் என் கணக்குக்கு வந்தது. கொழுந்து பறிக்கும் வேலையிலிருந்து முன்பே ஓய்வு பெற்ற என் மனைவி சின்னத்தாய்க்கு வந்த நான்கு லட்சத்துப் பத்தாயிரமும் அங்கேயே இருந்தது. இரண்டு பேரும் உழைத்ததற்கு மொத்தம் பதினொன்றரை லட்சம். ஓய்வுப் பணம் வாங்கிவிட்டால் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது தாங்கள் அறிந்ததே. கெஞ்சிக் கூத்தாடி பிப்ரவரி கடைசி வரை தவணை வாங்கியிருந்தோம். பாம்பனார் அருகில் மூன்று சென்ட் நிலமும் இரண்டு அறை வீடும் ஆறரை லட்சத்துக்குப் பேசி, வீட்டுக்காரர் ராமுத்தாய் அவர்களுக்கு ஐம்பதாயிரம் முன்பணம் கொடுத்தோம். மீதி ஆறு லட்சத்தை 28.2.2025க்குள் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் முன்பணமும் போய், லைன் வீடும் போய், எங்களுக்கு நிற்க இடமில்லை.

4. அந்த நேரத்தில்தான் நல்லதம்பி தன் கைப்பேசியைக் காட்டினார். அவர் மனைவி இன்னும் வேலையில் இருப்பதால் அவர்களுக்கு லைன் வீடு போகவில்லை. அவர் எனக்கு முன்பே ஓய்வு பெற்று, ஆறு லட்சத்தைத் தங்கள் கிளை வழியாக ஒரு மியூச்சுவல் பண்டில் போட்டிருந்தார். மாதாமாதம் ஐந்தாயிரம் ரூபாய் அவர் கணக்கில் விழுந்துகொண்டிருந்தது. "போனஸ்டே. வருசத்துக்கு ஒருக்கா இல்ல, மாசாமாசம்" என்றார். பண்டு நடத்துகிறவர்களோ தங்கள் கிளையோ அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. அதைச் சொன்னது நல்லதம்பி, நம்பியது நான். தோட்டத்துக்காரன் ஏன் நம்புவான் என்பதைத் தாங்கள் புரிந்துகொள்ள வேண்டும். எங்களுக்குப் போனஸ் என்பது சம்பளத்துக்கு மேல் வருவது. அதை வாங்கினால் சம்பளம் குறையாது. அதற்காக வாயிலில் உட்கார்ந்து போராடியிருக்கிறோம். முதலாளியின் லாபத்திலிருந்து எங்கள் கைக்கு வரும் ஒரே பங்கு அது. எனவே பண்டிலிருந்து மாதாமாதம் வருவதும் எங்கிருந்தோ மேலே வருவதுதான், போட்ட முதல் அப்படியே இருக்கும் என்று கணக்குப் போட்டேன். கையிலிருக்கும் பதினொரு லட்சத்தையும் போட்டு, எட்டு மாதம் போனஸ் வாங்கிவிட்டு, பிப்ரவரியில் முதலை எடுத்து வீட்டுக்குக் கட்டலாம் என்பது என் திட்டம். ஊரில் என்னைவிடக் கெட்டிக்காரன் இல்லை என்று அந்த வாரம் முழுவதும் நடந்துகொண்டேன்.

5. 8.7.2024 அன்று கிளைக்குப் போனேன். யோகப்பிரியா அவர்களைப் பார்த்தது அன்றுதான். பாலக்காட்டுக் கிழக்கே வேலந்தாவளத்துக்காரர். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. அவர் பேச்சு எங்கள் பேச்சு இல்லை, சொல்லுக்குச் சொல் 'ங்க' போட்டுப் பேசுவார். நான் படிவம் கேட்டேன். அவர் மூன்று கேள்வி கேட்டார். இந்தப் பணம் எப்போது வேண்டும், நடுவில் இது குறைந்தால் எவ்வளவு வரை தாங்குவீர்கள், இதை விற்கிறவருக்கு யார் கூலி கொடுக்கிறார் என்று தெரியுமா. மூன்றாவது கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. விற்கிறவரே அதைக் கேட்டால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? அவரே பதிலும் சொன்னார். இதை நான் வாங்கினால் வங்கிக்குக் கமிஷன் உண்டு, அது நான் போட்ட பணத்திலிருந்துதான் ஆண்டுதோறும் போகும் என்றார். "எங்கப்பா மாட்டுத் தரகருங்க. வேலந்தாவளம் சந்தையில தரகு யாருகிட்ட வாங்கறோம்னு சொல்லாம எங்கப்பா ஒரு மாட்டையும் கைமாத்த மாட்டாருங்க" என்றார். வங்கிக்கு வந்து மாட்டுக் கதை கேட்க வேண்டியதாயிற்றே என்று நான் திரும்பிவிட்டேன்.

6. அதன் பிறகு அவர் செய்ததைத் தங்கள் கோப்பில் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். 27.7.2024, நான்காம் சனிக்கிழமை, வங்கிக்கு விடுமுறை. அன்று அவர் எங்கள் டிவிஷனின் எடைக் கொட்டகைக்கு வந்தார். தோட்டத்துக்காரர்கள் தினமும் எதை எண்ணிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வந்ததாக, அங்கே பேச்சுத்துணைக்குப் போயிருந்த சின்னத்தாயிடம் சொல்லியிருக்கிறார். கொழுந்து நிறுப்பதை மூன்று வேளையும் நின்று பார்த்தார். ஒவ்வொரு எடையிலும் சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று இரண்டு கிலோ கழிப்பார்கள். வறட்சிக் காலத்தில் கொழுந்து குறைவாக இருக்கும் நாளிலும் அதே இரண்டு கிலோதானா என்று கேட்டார். அதேதான் என்றாள் சின்னத்தாய். முப்பது ஆண்டுகளாக எங்கள் பெண்கள் வயிறெரிந்த விஷயத்தை அவர் ஒரே நாளில் பிடித்துக்கொண்டார். எனக்கு அது பெருமையாக இல்லை. அந்நியர் ஒருவர் நம் வீட்டுப் பானையைத் திறந்து பார்த்தது போல இருந்தது.

7. அடுத்த முறை போனபோது அதை வைத்தே விளக்கினார். பண்டிலும் கழிவு இருக்கிறது, லாபம் வந்தாலும் கழிப்பார்கள், நட்டம் வந்தாலும் கழிப்பார்கள், ஒரே மாதிரியான இரண்டு பண்டில் கழிவு குறைந்ததைப் பாருங்கள் என்றார். போன ஆண்டு அதிகம் கொடுத்தது எது என்று பார்த்து வாங்க வேண்டாம், பத்து ஆண்டில் மோசமான ஆண்டு எப்படி இருந்தது என்று பாருங்கள் என்றார். பண்டு கெட்டது என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. இதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பத்து ஆண்டு கழித்துத் தேவைப்படும் பணத்துக்கு அது நல்லது, பிப்ரவரியில் வீடு வாங்கும் பணத்துக்கு அது இடமில்லை என்றுதான் சொன்னார். வீட்டுப் பணத்தைப் பிப்ரவரியில் முடியும் வைப்பில் போடவும், மாதச் செலவுக்கான பணத்தைத் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடவும் சொன்னார். எனக்கு அறுபது ஆகவில்லை என்றாலும் ஓய்வு பெற்றவன் என்பதால் பணம் கிடைத்த மூன்று மாதத்துக்குள் அதில் சேரலாம் என்றார். வங்கி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தபால் நிலையத்துக்குப் போகச் சொல்கிறவரை அன்றுதான் பார்த்தேன்.

8. 27.8.2024 அன்று நான் பிடிவாதமாகப் படிவத்தை நிரப்பிக்கொண்டு போனேன். அவர் மறுக்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, இரண்டு வரி என் கையால் எழுதித் தரச் சொன்னார். மாதாமாதம் வரும் தொகை என் முதலிலிருந்தும் வரக்கூடும் என்று ஒரு வரி. இது வீடு வாங்க வைத்திருக்கும் பணம் அல்ல என்று இன்னொரு வரி. ஐயா, நான் மனு எழுதுகிறவன். நம்பாததை என் கையால் எழுதியதில்லை என்று எனக்கு ஒரு வீம்பு. அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்குத் தலைக்கேறிவிட்டது. எங்களுக்குப் போனஸ் வந்தால் உனக்கு ஏம்மா வலிக்கு என்று கிளையில் எல்லோரும் கேட்கச் சத்தம் போட்டேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "வலிக்குதுங்கய்யா. இது போனஸ் இல்லீங்க. நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்தா நான் வாங்கித்தான் ஆகோணும். ஆனா ஊடு வாங்கற பணத்துல வேண்டாமுங்க" என்றார். நான் படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வந்தேன்.

9. மறுநாள் எழுதியதுதான் அந்தப் புகார். அதில் உள்ளவற்றை நானே இங்கே எடுத்துச் சொல்கிறேன். தோட்டத் தொழிலாளிக்குப் பண்டு எதற்கு என்று இழிவாக நினைக்கிறார் என்று எழுதினேன். அவர் அப்படி நினைத்ததில்லை. யாரிடமும் கேட்காத உறுதிமொழியை என்னிடம் மட்டும் கேட்டார் என்று எழுதினேன். மற்றவர்களிடம் கேட்டாரா என்று நான் விசாரிக்கவே இல்லை. வாடிக்கையாளரைத் தபால் நிலையத்துக்குத் துரத்தி வங்கியின் தொழிலைக் கெடுக்கிறார் என்று எழுதினேன். இந்தக் கடைசி வரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வங்கியின் தொழில் எப்படிப் போனால் எனக்கென்ன? நாற்பத்தைந்து மனு எழுதிய கை இது, எந்த வரி எந்த மேஜையில் குத்தும் என்று அதற்குத் தெரியும். தெரிந்தே குத்தினேன். தங்கள் அறிவிப்பில் முதல் குற்றச்சாட்டாக அந்த வரிதான் இருக்கிறது.

10. புகார் அனுப்பிய பின் கோபம் தணிந்துவிட்டது. வழக்கம்போல் அதுவும் ஏதோ ஒரு மூலையில் கிடக்கும் என்று மறந்தும் விட்டேன். பணம் அப்படியே சேமிப்புக் கணக்கில் கிடந்தது. பண்டுக்கும் போகவில்லை, தபால் நிலையத்துக்கும் போகவில்லை. வீராப்புக்கு வட்டி கிடையாது என்று சின்னத்தாய் இரண்டு முறை சொல்லிக் காட்டினாள்.

11. இனி நான் சொல்லப்போவதற்காகத்தான் இந்த மனுவே. 14.9.2024, உத்திராடம், மறுநாள் திருவோணம். அன்று மலையிலிருந்து இறங்கும் எந்தப் பேருந்திலும் கால் வைக்க இடமிருக்காது. பாலக்காட்டுக்காரர் விடிந்ததும் கிளம்பினால்தான் பொழுது சாய ஊர் சேர முடியும். அன்று முற்பகல் யோகப்பிரியா அவர்கள் ஜீப்பில் ஏறி, கடைசி வளைவில் இறங்கி நடந்து, எங்கள் லைனுக்கு வந்தார். கையில் ஊருக்குப் போகும் பை இருந்தது. நான் வாசலில் நின்றுகொண்டு உள்ளே வாருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. சின்னத்தாய்தான் கூப்பிட்டு உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தாள்.

12. அவர் வந்தது ஒரு தேதியைச் சொல்ல. பணம் கிடைத்து மூன்று மாதம் வெள்ளிக்கிழமை, இருபதாம் தேதியோடு முடிகிறது. நடுவில் ஓணம் விடுமுறை. தபால் நிலையம் கேட்கும் ஓய்வுப் பணச் சான்றிதழை எஸ்டேட் அலுவலகம்தான் தர வேண்டும், அந்த அலுவலகம் செவ்வாய்தான் திறக்கும். கையில் இருப்பது நான்கு நாள். இதைச் சொல்லிவிட்டு, வேண்டிய காகிதங்களின் பட்டியலைத் தமிழில் எழுதிக் கொடுத்தார். அவர் மலையாளத்தில் படித்தவர். தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் எழுதியிருந்தார். சில எழுத்துகள் தவறு. அந்தத் தாளை இத்துடன் இணைத்திருக்கிறேன், அசல் எனக்குத் திரும்ப வேண்டும்.

13. அந்த நேரம் நல்லதம்பியும் வந்து சேர்ந்தார். தன் பண்டின் கணக்கு விவரத் தாளை அவரே கொண்டுவந்து நீட்டி, இதில் என்ன குறை என்று கேட்டார். யோகப்பிரியா அவர்கள் குறை ஒன்றும் சொல்லவில்லை. பென்சிலால் இரண்டு வரிசைகளின் கீழ் கோடு போட்டு, தாளைச் சின்னத்தாய் பக்கம் திருப்பி வைத்தார். ஒரு வரிசையில் யூனிட் எண்ணிக்கை. இன்னொன்றில் ஒரு யூனிட்டின் விலை. சின்னத்தாய் நான்காம் வகுப்பு. ஆனால் முப்பது ஆண்டுகள் தன் எடைச் சீட்டை ஒரு நாள் விடாமல் சரிபார்த்தவள். விரலை வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே இரண்டு முறை போனாள். யூனிட் மாறவில்லை. ஐந்தாயிரம் வந்த தேதிகளில் எல்லாம் விலை ஒரு படி இறங்கியிருந்தது. நடுவில் சந்தை ஏறியதால் விலையும் ஏறி, அடுத்த ஐந்தாயிரத்துக்கு மறுபடி இறங்கியிருந்தது. அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள். "ஏங்க, இது போனஸ் இல்ல. நம்ம சாக்குல இருந்தே அள்ளி நம்ம கையில குடுக்கான்."

14. யோகப்பிரியா அவர்கள் ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். தான் சொல்லி நாங்கள் கேட்க வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. நாங்களே பார்க்க வேண்டும் என்று நினைத்தார். நூறு கிலோ பச்சைக் கொழுந்து உள்ளே போனால் இருபத்திரண்டு கிலோ தூள் வெளியே வர வேண்டும் என்று முப்பத்தைந்து ஆண்டுகள் கணக்குப் பார்த்த எனக்கு, உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பார்க்கத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. அவர் எழுந்து, பேருந்துக்கு நேரமாகிறது என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அன்று அவர் எத்தனை மணிக்கு வேலந்தாவளம் போய்ச் சேர்ந்தாரோ தெரியாது.

15. செவ்வாய், புதன் இரண்டு நாளும் எஸ்டேட் அலுவலகத்தில் காத்துக் கிடந்து சான்றிதழ் வாங்கினேன். வியாழக்கிழமை, 19.9.2024 அன்று, ஐந்து லட்சத்தைத் தபால் நிலையத்தில் என் பெயரிலும் சின்னத்தாய் பெயரிலும் சேர்த்துப் போட்டோம். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை பத்தாயிரத்து இருநூற்றைம்பது ரூபாய் வருகிறது. முதல் குறையவில்லை. ஆறு லட்சத்தைத் தங்கள் வங்கியிலேயே வைப்பில் போட்டோம். பிப்ரவரி இறுதியில் அதை எடுத்து ராமுத்தாய் அவர்கள் கையில் கொடுத்துப் பத்திரம் பதிந்தோம். அதே பிப்ரவரியில் சந்தை இறங்கியது. நல்லதம்பியின் ஐந்தாயிரம் பாதியானது, மார்ச்சில் நின்றது, ஆறு லட்சம் ஐந்தே கால் லட்சமாக இருந்தது. அவருக்குத் திருப்பூரில் சம்பாதிக்கும் இரண்டு மகன்கள் இருக்கிறார்கள். காத்திருப்பார், பண்டும் மெல்ல ஏறும். என்னால் காத்திருக்க முடிந்திருக்காது. அவர் கணக்கை என் தொகைக்குப் போட்டுப் பார்த்தேன். இறங்கிய விலைக்கு விற்று வீட்டுக்கு ஆறு லட்சம் கொடுத்த பின், ஐந்து லட்சத்துக்குப் பதில் மூன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் மிஞ்சியிருக்கும். மிச்ச நாளை அதை வைத்து ஓட்டியிருக்க வேண்டும்.

16. அவர் தாளின் கடைசியில் ஒரு யோசனையும் எழுதியிருந்தார். எங்களுக்கு எழுபது வயதாகும்போது அரிசி இதே விலையில் இருக்காது, எனவே முடிந்தால் மாதம் ஆயிரம் ரூபாய், கழிவு மிகக் குறைந்த, தரகர் இல்லாமல் நேரடியாக வாங்கும் பண்டில் போடுங்கள், பத்து ஆண்டு தொடாதீர்கள் என்று. குமுளியில் ஓட்டல் வரவேற்பறையில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ஆர்த்தி தன் கைப்பேசியில் அதைத் தொடங்கிக் கொடுத்தாள். சந்தை இறங்கிய மாதமும் கட்டினோம். ஆகவே நான் பண்டுக்கு எதிரி இல்லை, யோகப்பிரியா அவர்களும் இல்லை. இதிலும் தங்கள் வங்கிக்கு ஒரு பைசா கமிஷன் கிடையாது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் வீட்டுப் பணம் ஆறு லட்சம் தங்களிடம்தான் இருந்தது, என் ஓய்வூதியம் தங்களிடம்தான் வருகிறது, எங்கள் லைனில் அதன் பின் ஓய்வு பெற்ற பதினோரு பேரும் கணக்கை வேறு வங்கிக்கு மாற்றவில்லை. அவர் இருந்த வங்கி என்ற நம்பிக்கைதான் அதற்குக் காரணம். இதைத் தொழில் கெட்டது என்று எந்தக் கணக்கில் எழுதுவது?

17. 2024 அக்டோபரில் அவர் மாற்றலாகிப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டபோது, வங்கிக்காரர்களுக்கு மாற்றல் வழக்கம்தானே என்று இருந்துவிட்டேன். நன்றி சொல்லத் தொலைபேசி எண் கேட்கக்கூட வெட்கம். இப்போது தங்கள் அறிவிப்பை நாலைந்து முறை படித்தபோது ஒரு தேதியில் கண் நின்றது. என் புகாரின் நகலோடு அவருக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுக்கப்பட்டது 9.9.2024 என்று இருக்கிறது. அவர் எங்கள் லைனுக்கு வந்தது 14.9.2024.

18. அதாவது, ஐயா, நான் எழுதியதை ஒரு வரி விடாமல் படித்த பிறகுதான் அவர் மலை ஏறி வந்திருக்கிறார். தபால் நிலையத்துக்கு ஆள் அனுப்புகிறார் என்ற குற்றச்சாட்டுக்குப் பதில் எழுத வேண்டிய அதே வாரத்தில், குற்றம் சாட்டியவனையே தபால் நிலையத்துக்கு அனுப்ப வந்திருக்கிறார். அரை மணி நேரம் எங்கள் வீட்டில் இருந்தார். புகாரைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஏன் எழுதினாய் என்று கேட்கவில்லை, திரும்பப் பெறு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே எழுதிக் கொடுத்திருப்பேன், ஓராண்டுச் சம்பள உயர்வு அவருக்கு மிஞ்சியிருக்கும். அவர் அந்த அரை மணி நேரத்தை வெள்ளிக்கிழமைக்குள் நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதற்கே செலவழித்தார். இதைச் சின்னத்தாயிடம் சொன்னபோது, "அந்தப் புள்ள குடிச்ச டம்ளர்லகூட நீங்க சீனி போட விடலியே" என்றாள். அது உண்மை. சீனி தீர்ந்துவிட்டது என்று அன்று நான்தான் பொய் சொன்னேன்.

19. ஆகவே தங்களிடம் நான் கேட்பது:
எனது 28.8.2024 தேதியிட்ட புகாரை முழுவதுமாகத் திரும்பப் பெறுகிறேன், அதை ஏற்க வேண்டும். அதை வைத்துக் கொடுத்த தண்டனையை நீக்கி, நிறுத்திய ஊதிய உயர்வைத் திரும்பக் கொடுக்க வேண்டும். பொய்ப் புகார் கொடுத்ததற்கு நடவடிக்கை என்று ஒன்று உண்டென்றால் அதை என் மேல் எடுக்கலாம், 20.11.2025 அன்று கட்டப்பனைக்கு நேரில் வரத் தயாராக இருக்கிறேன், பேருந்துச் செலவு என்னுடையது. அவர் விரும்பினால் மட்டும், அவரை மீண்டும் பீர்மேடு கிளைக்கு அனுப்ப வேண்டும். வரும் மார்ச்சில் எங்கள் டிவிஷனில் இன்னும் ஒன்பது பேர் ஓய்வு பெறுகிறார்கள். அவர்களும் போனஸ் என்ற ஒன்றைக் கேட்டுக்கொண்டுதான் வருவார்கள்.

20. இந்த மனு தமிழில் இருப்பதால் படிக்க முடியவில்லை என்று தங்கள் அலுவலகம் சொல்லாது என்று நம்புகிறேன். போன புகாரும் தமிழில்தான் இருந்தது, அதைப் பன்னிரண்டே நாளில் படித்து நடவடிக்கை எடுத்தீர்கள். அந்த வேகத்தில் பாதி இதற்கும் வேண்டும். அந்தப் புகாரில் என் முகவரி லைன் எண் என்று இருக்கும். இதில் வீட்டு எண் என்று இருக்கிறது. இரண்டு முகவரிக்கும் நடுவில் நின்றவர் யோகப்பிரியா அவர்கள் என்பதைக் கோப்பில் இரண்டு மனுக்களையும் அடுத்தடுத்து வைத்தால் யாரும் பார்க்கலாம்.

21. கடைசியாக, 27.8.2024 அன்று அவர் வெள்ளைத் தாள் கொடுத்துக் கேட்டபோது எழுத மறுத்த அந்த இரண்டு வரிகளை, யாரும் கேட்காமலே, என் கையால் இங்கே எழுதுகிறேன். இப்போது நம்பித்தான் எழுதுகிறேன்.

மாதாமாதம் வரும் தொகை என் முதலிலிருந்தும் வரக்கூடும் என்பதைப் புரிந்துகொண்டேன்.

இது வீடு வாங்க வைத்திருக்கும் பணம் அல்ல. அந்த வீட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

இடம்: பாம்பனார்
நாள்: 10.11.2025

இப்படிக்கு,
தலை குனிந்து,
சு. சுடலைமணி

(மனு முழுவதையும் வாசிக்கக் கேட்டு, சீனி பற்றிய வரியை எடுக்கக் கூடாது என்று சொல்லி, நானும் கையெழுத்திடுகிறேன்: சு. சின்னத்தாய்)

இணைப்பு:
1. யோகப்பிரியா அவர்கள் 14.9.2024 அன்று கையால் எழுதிய தாள் (அசல், திருப்பித் தர வேண்டும்).
2. தபால் நிலையக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், நகல்.
3. வீட்டுப் பத்திரத்தின் முதல் பக்கம், நகல்.